என் பம்ப்பை நம்பாதே, பச்சையப்பா!

ஆன்றோர் நிறைந்த அவை என்று நோட்டீசில் அச்சடித்துவிட்ட காரணத்தால், வேறு வழியின்றி ஆன்றோர்களாகவே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! களம்பூர் அரிசி ஆலையை விட்டுவிட்டு இங்கே தலைமை தாங்க வந்து, கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு மணி நேரமாகத் தலையையே அசைக்காத தலைவர் துரைக்கண்ணு அவர்களே! கழற்றிவிடுங்கள் ஐயா, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாதர் சங்கத்தின் தலைவியும், எனக்குப் போர்த்துவதற்கான பட்டுச் சால்வையை மடியில் வைத்துப் பூனைக்குட்டி போலக் காத்துவருபவருமான குணசுந்தரி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் பாய் விரித்து, பாதிப் பேர் என்னையும் மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரியின் புடவைக் கரையையும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! தறிக்குழியிலிருந்து கால் மணி நேரம் காலாற நடந்து வரலாம் என்று கிளம்பி, இந்தக் கூட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்ட ஆரணி நெசவாளப் பெருமக்களே! சோடாக் கடை ஓரமாக, சாய்வு நாற்காலியில், மூன்று தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் என் உயிர்த் தோழன் பச்சையப்பா! உங்கள் அனைவருக்கும் வீரபாகுவின் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். மூன்று பேர் என்னைப் புகழ்ந்தார்கள். நான்காமவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு புகழ்ந்தார். நால்வருக்கும் நன்றி. இந்த நோட்டீசைப் பாருங்கள். "இதயப் பம்ப் கண்ட இயந்திரச் செம்மல் வீரபாகு அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா." கண்டேனா? நான் கண்டேனா? கிணற்றைக் கண்டேன், அதில் கிடந்த மோட்டாரைக் கண்டேன், மோட்டாருக்குள் குடியிருந்த தவளையைக் கண்டேன். இதயத்தைக் கண்டேனா? போளூரிலிருந்து கண்ணமங்கலம் வரை எந்தக் கிணற்றில் பம்ப் நின்றாலும் ஸ்பேனரோடு ஓடுகிறவன் நான். நெசவுக் குலத்தில் பிறந்து, தறியைப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்று ஓடிப்போய் மோட்டார் காயிலுக்குச் செப்புக்கம்பி சுற்றக் கற்றுக்கொண்டவன். அதற்கு மேல் எனக்கு ஒரு செம்மலும் கிடையாது.

இன்னா? யாரு அங்க கத்தறது? "அண்ணனுக்குத் தன்னடக்கம்"ங்கறியா? வா ராஜா, இந்த வார்த்தைக்குத்தான் காத்துகினு இருந்தேன். இந்தத் தன்னடக்கம் என்கிற வார்த்தையால்தான் இந்த ஊரில் ஒரு உயிர் போகப் பார்க்கிறது. எப்படி என்று சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகும் அந்தச் சால்வையைப் போர்த்தலாம் என்று தோன்றினால், நான் நேராகப் போய் அதே கிணற்றில் குதிக்கிறேன்.

போன ஐப்பசியில் பச்சையப்பனுக்குக் கால் வீங்கியது. ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். குழித்தறியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு மிதித்தால் வீங்கத்தானே செய்யும் என்றார்கள். பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். நான் இழுத்துக்கொண்டு போய் டாக்டர் ஜெயச்சந்திரன் முன்னால் உட்காரவைத்தேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வீரபாகு, உன் பாஷையிலேயே சொல்றேன். பம்ப் தளர்ந்துபோச்சு. வால்வு ஒழுகுதுன்னு நினைக்கிறேன். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தா சரிபண்ண வழி இருக்கலாம். ஆனா நாளைக் கடத்தினா தசையே நைஞ்சுபோயிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே என்றார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நமக்கெல்லாம் பழமொழி. பச்சையப்பன் உப்பைத் தின்றால் அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் காலிலும் நெஞ்சிலும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

வேலூருக்குப் போவதாகத்தான் இருந்தான். பஸ் கூடப் பார்த்து வைத்தோம். அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் வந்தது ஐயா, அமெரிக்கச் செய்தி! இதயம் செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, அதை அறுத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கால் செய்த இதயத்தை வைத்துவிட்டார்கள். காற்றால் ஓடுகிற பம்ப். ஆள் கண் விழித்தார், பேசினார். இதைப் பச்சையப்பன் டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன்டா வீரபாகு, பம்ப்புதானே? உன்னால முடியாதா?" என்றான்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத படிப்பு எனக்கு, முடியாதுடா என்று சொல்லியிருக்க வேண்டும். டீக்கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பதினைந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அமெரிக்காக்காரனுக்கு என்ன, ரெண்டு கொம்பா முளைச்சிருக்குது? ரெண்டு வால்வு, ஒரு பிளாடர், ஒரு மோட்டார். கம்முனு இரு, நான் செஞ்சு தரேன்" என்றேன். அட மடையா! அட மகா மடையா! பதினைந்து பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் மயங்கினேன் நான். இப்போது தட்டாதீர்கள், தயவுசெய்து.

சொன்னதற்குச் செய்தும் காட்டினேன். குடியரசு தினப் பொருட்காட்சிக்கு. கால்பந்துக்குள் இருக்குமே ரப்பர் பிளாடர், அது இதயம். சைக்கிள் டியூப் வால்வு இரண்டு, அது இதயக் கதவு. மேசை விசிறி மோட்டார் ஒன்று. ரத்தத்துக்கு, சாயப் பட்டறையில் வாங்கி வந்த அரக்குச் சிவப்புச் சாயத் தண்ணீர். சுவிட்சைப் போட்டேன். லப் டப், லப் டப் என்று அடித்தது பாருங்கள்! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். பதினோரு நிமிஷம் ஓடியது என் இதயம். பன்னிரண்டாவது நிமிஷம் வெடித்தது. வெடித்த சாயம் எங்கே விழுந்தது? சிறப்பு விருந்தினராக வந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நம் தலைவர் அவர்களின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை சிவப்பு. தலைவர் என்ன சொன்னார்? பெருந்தன்மையின் பேருருவம் ஐயா அவர்! "வேட்டி போனா போவுதுப்பா, இதயம் வந்தாச் சரி" என்றார். ஊர் என்ன சொன்னது? "பதினோரு நிமிஷம் ஓடிச்சே! கொஞ்சம் ரிப்பேர் பாத்தா பதினோரு வருஷம் ஓடாதா?" என்றது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த வாரமே ஜோசியர் வீட்டுக்கு வந்தார். புது இதயம் பொருத்த வைகாசியில் ஒரு நல்ல முகூர்த்தம் இருக்கிறது, ராகுகாலம் மட்டும் பார்த்துக்கொள் என்றார். ஒரு பெரியவர், பழைய இதயத்தைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வாயா என்றார். சரி, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரே ஒரு புத்திசாலி கேட்டார். உடனே தெருவே கையெழுத்துப் போட்டு, பச்சையப்பன் நெஞ்சுக்குத் தனியாக ஒரு லைன் வேண்டும் என்று கரண்ட் ஆபீசுக்கு மனுக் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், அதில் முதல் கையெழுத்து உங்களில் யாருடையது என்று எனக்குத் தெரியும். பச்சையப்பன் மனைவி உண்ணாமலை ஒருத்திதான் என்னை வாசலில் நிறுத்தி நேராகக் கேட்டாள். "அண்ணா, அந்தப் பிளாஸ்டிக் நெஞ்சு வந்தா இந்த மனுஷன் நான் சொல்றதைக் கேப்பாரா?" "இப்பவே கேக்கறதில்லையேம்மா" என்றேன். "அதான் கேக்கறேன்" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பங்குனியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவன் வீட்டுக்குப் போகிறேன். எதிரே சோறு, சோற்றின் மேல் எலுமிச்சை ஊறுகாய், பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். "என்னடா இது?" என்றேன். "எப்படியும் பழசு போவப்போவுது, அதுக்கு எதுக்குடா பத்தியம்? புதுசு வந்ததும் பொத்திப் பொத்திப் பார்த்துக்கறேன்" என்றான். மாத்திரை? அது ஒண்ணுக்குப் போகவைக்கிற மாத்திரை, தறிக்குழியிலிருந்து பத்துத் தடவை எழுந்திருக்கச் சொல்கிறது, பேஜார் என்று நிறுத்திவிட்டானாம். வேலூர்க் கடிதம்? அது தறிக்கட்டை ஆடாமல் இருக்க அதன் இடுக்கில் மடித்துச் செருகியிருந்தது. டாக்டர் கையெழுத்து அதில் தலைகீழாகத் தெரிந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். "டேய், நான் சொன்னது பொய்டா. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அமெரிக்காவிலே அந்த மனுஷனே போய்ச் சேர்ந்துட்டாரு, நூத்திப் பன்னிரண்டு நாள்தான் இருந்தாரு, அதுவும் அலமாரி அளவு ஒரு மெஷினோட குழாயாலே கட்டிப் போட்டு. பேப்பர்லே வந்துடுச்சுடா" என்றேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? என் தலையைத் தடவினான். "உனக்குத் தன்னடக்கம்டா" என்றான். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பெரிய ஆளுங்கல்லாம் அப்படித்தான், நிறைகுடம் தளும்பாது என்றார்கள். நான் எத்தனை தடவை முடியாது என்றேனோ, அத்தனை தடவை என் மதிப்பு ஏறியது. கடைசியில் என் தன்னடக்கத்தைப் பாராட்டி விழா எடுக்கிறோம் என்று மேடையே போட்டுவிட்டீர்கள்! வீட்டுக்குள்ளே சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்களே, சரி, மைக்கில் சொன்னாலாவது நம்புவார்களா என்றுதான் வந்திருக்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள், ஆரணி மக்களே! கேட்டுக்கொள், பச்சையப்பா! என்னால் இதயம் செய்ய முடியாது! முடியவே முடி—

ஹலோ. ஹலோ. மைக் டெஸ்ட்... போச்சா? லைட்டும் போச்சா?

யாரும் எழுந்திருக்காதீங்க. சங்கத்து ஜெனரேட்டரைச் சுத்திக் கிளப்ப மூணு நிமிஷம் ஆவும். அதை ரிப்பேர் பார்க்கிறவன் நான்தான், எனக்குத் தெரியும். பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? இன்னொரு தடவை பலமா... கேக்குதா? நல்லது. அம்மா, அந்தக் குழந்தையை மடியிலே போட்டுக்குங்க. எல்லாரும் ஒண்ணு செய்யுங்க. வலது கையை எடுத்து அவங்கவங்க நெஞ்சு மேல வைங்க. தலைவரே, நீங்களும். அடிக்குதா? எண்ணுங்க. வாய்விட்டு வேணாம், மனசுக்குள்ள எண்ணுங்க. லைட் வர்ற வரைக்கும் நானும் பேசமாட்டேன்.

வந்துவிட்டது. எத்தனை, குணசுந்தரி அம்மா? இருநூற்று இருபதா? பின்வரிசையில்? இருநூறா? இருநூற்றுப் பத்தா? யாருக்காவது நடுவில் நின்றதா? நிற்கவில்லை அல்லவா? இப்போது நான் கேட்கிறேன். சிரித்தது போதும், இதற்குப் பதில் சொல்லுங்கள். என்னுடைய பம்ப்பை இவன் நெஞ்சில் வைத்திருந்தால், இந்த மூன்று நிமிஷத்தில் இவன் எத்தனை எண்ணியிருப்பான்? சொல்லுங்களேன்! வாயைத் திறந்து சொல்லுங்களேன்! ஒன்றுகூட எண்ணியிருக்கமாட்டான், ஐயா. லைட் வரும்போது நாம் எல்லாரும் இங்கே இருந்திருப்போம், இவன் இருந்திருக்கமாட்டான்.

ஏன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள்? இப்போதுதான் நம்புகிறீர்கள் போலிருக்கிறது.

போன புதன்கிழமை நானே வேலூருக்குப் போனேன். டாக்டர் ஜெயச்சந்திரன் சொல்லி அனுப்பியிருந்தார். ஆபரேஷன் அறையில் பம்ப் ஓட்டுகிற ஒரு டெக்னீசியன் வெளியே வந்து என்னோடு பேசினார். நானும் பம்ப் மெக்கானிக், அவரும் பம்ப் மெக்கானிக் என்று தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். "உங்க பம்ப்புல தண்ணி தேங்கி நின்னா என்ன ஆவும்?" என்றார். பாசி பிடிக்கும் என்றேன். "ரத்தம் தேங்கி நின்னா கட்டி ஆவும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். சரி, தண்ணியை வேகமா அடிச்சா?" வேகமா வரும் என்றேன். "ரத்தத்தை வேகமா அடிச்சா அதுல இருக்கிற அணு உடையும். தண்ணியை எப்படி வேணா மிரட்டலாம் அண்ணா, ரத்தத்தை மிரட்ட முடியாது" என்றார். நிமிர்ந்த தோள் இறங்கிவிட்டது. இருபது வருஷமாகக் கிணற்றோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு, ரத்தம் தண்ணீர் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் இன்னொன்றும் சொன்னார். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்தேன். வால்வு ஆபரேஷன் செய்யும்போது இதயத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திவிட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் காற்றேற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிறது ஒரு இயந்திரம். சில மணி நேரத்துக்கு அதுதான் நோயாளியின் இதயம். பச்சையப்பா, கேட்கிறாயா? அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், வீரபாகுவிடம் வர வேண்டாம். நீ தேடுகிற பம்ப் கண்ணமங்கலம் தாண்டினால் வேலூரில் இருக்கிறது! நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கரண்ட் போனால்? அவர் சிரிக்கவில்லை. "கையால சுத்தறதுக்குக் கைப்பிடி இருக்குது அண்ணா. பக்கத்துலயே நாங்க நிக்கறோம். சுத்துவோம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன். பிளாடர் வாங்கிய எனக்கு, பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே என்று அழுதேன்.

எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லிவிட்டுப் பட்டது போதும். பார்த்துத்தான் சொல்ல முடியும், பார்க்கச் சீக்கிரம் கூட்டிவா என்றார்.

இன்னாடா பச்சையப்பா? கையைத் தூக்கறே? உட்கார்ந்தே பேசு, எழுந்திருக்காதே. மைக்கை அங்கே கொண்டுபோக முடியாது, நீ சொல்லு, நான் ஊருக்குச் சொல்றேன். "அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? நீ ஒருத்தன்தானே முடியும்னு சொன்னே." கேட்டீர்களா மக்களே? கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை நாளாக இவன் என் பம்ப்பை நம்பவில்லை. முடியும் என்கிற ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வார்த்தையை நான் டீக்கடையில் கைதட்டலுக்காக விற்றுவிட்டேன்.

என்ன? இன்னும் உரக்க. "ஆபரேஷன்ல செத்துட்டா?"

செத்தால் சாவாய்டா! நான் என்ன சொல்வேன்? எமன் எனக்கு மாமனா மச்சானா, சிபாரிசு பண்ண? வேலூருக்குப் போய், அவர்கள் பார்த்து, அவர்கள் முயன்று, அதற்கும் மேல் நீ போய்ச் சேர்ந்தால், இந்த ஊர் அழும்போது நானும் கூட நின்று அழுவேன். வாய்விட்டு அழுவேன், மார்பில் அடித்துக்கொண்டு அழுவேன். என் பொய்யை நம்பி இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து செத்தாய் என்றால், நான் எந்த மூஞ்சியோடுடா உன் வீட்டு வாசலுக்கு வருவேன்? உண்ணாமலை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? எனக்கு அழுகிற யோக்கியதைகூட இல்லாமல் செய்துவிட்டுப் போகப்போகிறாயா? நாற்பது வருஷச் சிநேகத்துக்கு இதுவா கைம்மாறு?

உண்ணாமலை எழுந்து நிற்கிறாள். சொல்லும்மா. "மூட்டை கட்டி வெச்சு பத்து நாளாச்சுண்ணா." கேட்டாயாடா! பச்சையப்பா, உன்னைத்தான். போறியா? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு. இவ்வளவு பேர் சாட்சி.

"நீயும் வர்றியா?"

வரேன்டா. பக்கத்திலேயே நிக்கறேன்.

நாளைக்குக் காலையிலா? அதெல்லாம் முடியாது. பொழுது விடிந்தால் உன் மனசு மாறும், எனக்கும் ஏதாவது கிணற்றிலிருந்து ஆள் வரும். தலைவர் அவர்கள் தம் காரைத் தருவதாகக் கையைக் காட்டுகிறார். ஐயா, என் உயிர் உள்ளவரை உங்கள் ஆலை மோட்டாருக்குக் கூலி வாங்கமாட்டேன். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஜெயச்சந்திரன் அவர்களும் முன்சீட்டில் ஏறிக்கொள்வதாகச் சொல்கிறார், அவருக்குக் கோடி நன்றி. தலைமை ஏற்றவர்க்கும், பேசியவர்க்கும், பொறுத்துக்கொண்டு கேட்டவர்க்கும், நெஞ்சில் கை வைத்து எண்ணிய தாய்மார்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நன்றியுரை சொல்ல இருந்தவர் மன்னிக்கவும், நேரம் இல்லை. சோடாக் கடை ஓரம் நிற்பவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுங்கள். நாற்காலியோடு தூக்க நாலு பேர் வாங்க. நெருக்காதீங்க, அவனுக்கு மூச்சு வாங்கும், காத்து வரட்டும். மெதுவா, மெதுவா. வணக்கம், வணக்கம், வழி விடுங்க!